வலது கால் மட்டும்

நான் ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு நடக்கும் வீடியோ ஒன்று ஐரோப்பாவில் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் எடுத்தார்கள் என்பதால் அதை வைத்து என்னை யாரும் மிரட்ட முடியாது. கணுக்காலைப் பார்த்து என்னை அடையாளம் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான், என் மனைவி. அவளிடம் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட்டேன். அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கால் நகத்த வெட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஆம்பூருக்கு வெளியே, பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் நான் குவாலிட்டி மேனேஜர். மற்றவர்கள் உழைத்துச் செய்த பொருளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை சொல்லித் திரும்பக் கொடுக்கிற வேலை. கல்லூரியில் இலக்கியம் படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அமையாது.

எங்களுடையது லேடீஸ் கம்பெனி. பெண்களுக்கான செருப்பு, ஷூ, பூட் எல்லாம் செய்து கப்பலேற்றுகிறோம். பெரும்பாலானவை உயரக் குதிகால் வைத்தவை. அவற்றைத் தைக்கிற பெண்கள் காலையில் ரப்பர் செருப்பில் பஸ் இறங்கி வருவார்கள், சாயங்காலம் அதே ரப்பர் செருப்பில் பஸ் ஏறிப் போவார்கள். எவ்வளவு இழுத்தால் ஒரு ஹீல் பிய்ந்து வரும் என்பதைச் சோதிக்க எங்களிடம் ஜெர்மன் மெஷின் இருக்கிறது. அதன்மேல் நிற்கிற ஆளுக்கு எங்கே வலிக்கும் என்பதைச் சோதிக்க மெஷின் இல்லை, ஆகவே நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

அப்படியிருக்க ஒருநாள் ஒரு புது ஆர்டருக்கான மெயில் வந்தது. கணுக்கால் வரை வரும் பூட், மூன்று அங்குல ஹீல், சைஸ் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை. லேடீஸ் ஷூவில் அவ்வளவு பெரிய சைஸ் வராது. டைப் அடித்ததில் பிழை என்று முடிவுகட்டி, வெள்ளைக்காரனுடைய பிழையைச் சுட்டிக்காட்டும்போது மட்டும் எனக்கு வரும் அந்தப் பணிவான ஆங்கிலத்தில் ஒரு பதில் எழுதினேன். ஒரே வரியில் திருப்பி எழுதினார்கள். பிழை இல்லை, இது ஆண்களுக்கு.

சாம்பிள் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். சாம்பிள் ரூம் என்பது புது டிசைன் எதுவானாலும் முதல் ஷூ பிறக்கிற இடம். அதன் பொறுப்பில் இருப்பவரைக் கம்பெனி முழுக்க பாய் என்றுதான் கூப்பிடுவோம். தாடி நரைத்த பிறகும் பசங்களோடு கேரம் ஆடுகிறவர்.

"ஆம்பளைங்களுக்கா?"

"ஆமா பாய்."

"தாடி வெச்ச ஆளுங்கள்லாம் போடுவாங்களா?"

"போடுவாங்க போல."

"போடட்டும்" என்றார். "நம்ம தைக்கத்தான போறோம், அவங்களுக்குப் பொண்ணா குடுக்கப் போறோம்? ஆனா வெயிட்டு ஜாஸ்தியா விழும் சார். ஹீல கொஞ்சம் தடியா வெக்கணும்."

படித்தவன் வாய் சும்மா இருக்காது. உயரக் குதிகால் முதலில் ஆண்களுக்காக வந்தது, பாரசீகத்துக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் நிற்பதற்காகப் போட்டது, பிறகு பிரான்ஸில் ராஜாவே சிவப்புக் குதிகால் வைத்துக்கொண்டு திரிந்தார் என்று நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். சாம்பிள் ரூமில் எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் எங்கள் வேன் டிரைவர், "அவுரு ராஜா சார், இன்னா போட்டாலும் கேக்கறதுக்கு ஆள் இல்ல" என்றார்.

இந்தக் கதையில் ராஜா நான் அல்ல என்பதால், இப்போது கட்டிங் செக்‌ஷனுக்குப் போகலாம்.

அங்கே ஒரு கட்டர் இருந்தார், இப்போதும் இருக்கிறார். நாற்பதை நெருங்குகிற வயது, விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். தோலை மேஜைமேல் விரித்து, ஷூ பாகத்தின் வடிவத்தில் இருக்கும் இரும்பு அச்சை அதன்மேல் வைத்து, பிரஸ்ஸை இழுத்து அழுத்தினால் துண்டு வெட்டி வரும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. தோலில் கொசு கடித்த தழும்பு, முள் கீறிய கோடு எல்லாம் இருக்கும். அவற்றை ஒதுக்கி அச்சை எங்கே வைப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அவர் கையில் தோல் வீணாவது கம்மி. வேலை முழுக்க நின்றபடி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹைவேயில் ஒரு லாரி அவருடைய பைக்கைச் சாய்த்துவிட்டுப் போனது. வேலூர் ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வலது கால் இரண்டு அங்குலத்துக்கும் மேல் குட்டையாகிவிட்டது. கணுக்கால் மடங்காமல், விரல் பக்கம் கீழ்நோக்கி நின்றுவிட்டது. முன்னங்கால் தரையில் படும், குதிகால் படாது. அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய உடம்பு வலது பக்கம் ஒரு படி இறங்கி, மறுபடி ஏறும். பிரஸ் முன்னால் நிற்கும்போது இடுப்பை ஒருக்களித்து, மேஜை விளிம்பில் சாய்ந்துகொள்வார். இப்படியே நின்றால் இடுப்பும் முதுகும் கெட்டுவிடும், உயர்த்திய ஷூ போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரியிலேயே ஒன்று செய்தும் கொடுத்தார்கள். அதை அவர் போடவில்லை.

எங்கள் ஜி.எம். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எழுதுவதற்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும். ஷிஃப்ட் முடிவில் கட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒருநாள் பார்த்துவிட்டு, மாதக் கடைசி வரைக்கும் கெடு வைத்தார். டாக்டர் சொன்னபடி நின்று வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்து நூல் கத்தரிக்கும் டேபிளுக்கு மாற்றிவிடுவார். சம்பளம் குறையாது என்றும் சொன்னார். அதுவும் சேர்ந்து கட்டருக்கு அவமானமாகப் போய்விட்டது.

அவரிடம் பேசிப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புத்தகம் படிக்கிறவனுக்கு மனிதர்களிடம் பேசத் தெரியும் என்று ஜி.எம். எப்படியோ நம்புகிறார். கேன்டீனில் இரண்டு வடையோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"டாக்டர் குடுத்த ஷூ எங்கப்பா?"

"வீட்ல இருக்குது சார்."

"வீட்ல இருந்துனு இன்னா பண்ணுது?"

"கட்டிலுக்கு அடியில தூங்குது."

"போட்டா வலி இருக்காதில்ல?"

"வலியெல்லாம் இல்ல சார். ரெண்டு நாளு போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, நெட்டுக்கா நின்னேன்."

"அப்புறம் இன்னா பேஜாரு உனக்கு?"

அவர் வடையைப் பிட்டார், சாப்பிடவில்லை.

"நீங்க அத பாக்கல சார். கறுப்பா, அடியில செங்கல்லு வெச்ச மாதிரி இருக்கும். நொண்டிட்டுப் போனா, எங்கியாவது இடிச்சிக்கினான்னு நெனப்பாங்க. அத போட்டுனு போனா, தூரத்துலயே தெரிஞ்சிடுது, கேஸுன்னு. பஸ்ல ஏறுனேன், ஒரு பெரியவரு எழுந்து சீட்டு குடுக்கறாரு. அவுரு கையில தடி வெச்சினுக்கறாரு சார்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்:

"சிரிச்சா பரவால்ல சார், திருப்பி ஒண்ணு சொல்லிட்டுப் போலாம். ஐயோ பாவம்னு பாத்தா அதுக்கு இன்னா சொல்றது?"

படித்ததில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வடையைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். பேசிப் பார்த்தேன், யோசிக்கிறார் என்று ஜி.எம்.மிடம் சொன்னேன்.

இதற்கிடையில் ஆண்களுக்கான ஹீல்ஸ் சாம்பிள் தயாராகிவிட்டது. அதற்குத் தோலை வெட்டியவரும் கட்டர்தான். உடனே, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. ஆண்கள் நான்கு பேர், வெவ்வேறு சைஸில், நிஜமான சாலையில் நடப்பதை வீடியோ எடுத்து மறுநாளுக்குள் அனுப்ப வேண்டும். கால் மட்டும் தெரிந்தால் போதும். நான் உடனே, மிகுந்த மகிழ்ச்சியுடன் என்று பதில் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம்தான் மனைவியிடம் சொன்னது, நகம் வெட்டியது எல்லாம்.

மறுநாள் காலை சாம்பிள் ரூமுக்குப் போனால், மேஜைமேல் பூட்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. பழுப்பு நிறத் தோல், பக்கவாட்டில் ஜிப். ஒன்றை எடுத்து, வழக்கம்போலக் குறை தேடினேன். அகப்படவில்லை. அடுத்ததை எடுத்தேன். அதற்கப்புறம்தான் ஏதோ உறைத்தது.

"பாய், லெஃப்ட் எங்க?"

"எந்த லெஃப்ட்?"

"இதுக்கு ஜோடி."

"சாம்பிளுக்கு ஏது சார் ஜோடி?" என்றார் பாய், நான் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவன் போல.

இதை எங்கள் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சாம்பிள் என்றால் ஒற்றை ஷூதான், அதிலும் வலது கால் மட்டும். பார்த்து ஓகே சொல்வதற்கு ஒன்று போதும். தவிர, ஜோடியாக அனுப்பினால் வழியில் யாருடைய காலிலாவது ஏறிவிடும், ஒற்றையைத் திருடி யாருக்கும் பிரயோஜனம் இல்லை. இந்த ஊர்ப் பக்கத்தில் ஷூ கம்பெனிக்காரர்களின் வீட்டு அலமாரியைத் திறந்தால் வலது கால் ஷூவாக நிற்கும், ஊரிலேயே எல்லாருக்கும் ஒரு கால்தான் போலத் தோன்றும். இத்தனை வருடம் இதிலேயே ஊறிப்போனதில், நடப்பதற்கு இரண்டு தேவைப்படும் என்பது எனக்கோ பாய்க்கோ கடைசிவரை தோன்றவே இல்லை.

"இப்ப லெஃப்ட் போட முடியாதா?"

"லெஃப்டுக்குக் கட்டையே வரல சார்" என்றார். கட்டை என்பது பாதத்தின் வடிவத்தில் இருக்கும் அச்சு, அதன்மேல் தோலை இழுத்துக் கட்டித்தான் ஷூ செய்வார்கள். "வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்."

மெயிலில் நான் மிகுந்த மகிழ்ச்சியைத் தெரிவித்து ஒரு ராத்திரிகூட முழுசாகக் கழியவில்லை. வலது காலை மட்டும் படமெடுத்து அனுப்பிவிடலாம் என்று பாய்தான் வழி சொன்னார். இடது காலில் அவரவர் செருப்பு. கேமரா வலப்பக்கமாகவே வர வேண்டும்.

நடக்க வேண்டியவர்கள் நான், பாய், ஸ்டோர் கிளார்க், வேன் டிரைவர். காலுக்கு ஏற்ற சைஸ் பார்த்துப் பொறுக்கியது. டிரைவர் பூட்டைக் கையில் வாங்கினார், வெளியே எட்டிப் பார்த்தார், மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சார், எதிர்க்க பெட்ரோல் பங்க்ல என் மச்சான் வேல செய்றான். வேற இன்னா வேணா சொல்லுங்க. பெங்களூர் வரைக்கும் ரிவர்ஸ்லயே ஓட்டினு போறேன்."

நாற்பத்திரண்டாம் சைஸ் ஆளில்லாமல் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கட்டர் வெட்டிய துண்டுகளோடு உள்ளே வந்தார். என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"நாப்பத்திரெண்டு என் காலு சார்" என்றார்.

அறையில் எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. கிளார்க் ஜிப்பை இழுத்துப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். பாய்தான் வாயைத் திறந்தார்.

"வேணாம் தோஸ்த். விழுந்துடப் போற."

"லாரி இடிச்சு விழுந்துட்டு வந்தவன் பாய். இது மூணு இஞ்சு."

வீடியோ எடுக்கிறவர் சாம்பிள் ரூமில் வேலை செய்கிற ஒரு பெண்மணி. இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் பாதம் லேடீஸ் சாம்பிள் சைஸுக்கு அச்சாக இருப்பதால், கம்பெனி செய்கிற ஒவ்வொரு ஹீல்ஸையும் முதலில் போட்டுப் பார்ப்பவர் அவர்தான். சாம்பிள் கால் என்றே பெயர். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்களை வெளியே ஓட்டிக்கொண்டு போனார். கேட்டிலிருந்து சர்வீஸ் ரோடு வழியாக டீக்கடை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. என் மற்றக் கணக்குகளைப் போலவே இதுவும்.

ஹை ஹீல்ஸைப் பற்றி நான் எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். போட்டதும் தெரிந்தது, இது ஷூ அல்ல, ஒரு சின்ன மாடி. வலது கால் மாடியில், இடது கால் தெருவில். உடம்பின் பாரம் முழுவதும் பெருவிரலுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவு இடத்தில் போய் நின்றது. அந்த இடம் என் உடம்பில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேட்டில் செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்து சல்யூட்டுக்குக் கையைத் தூக்கினார். பார்வை கீழே இறங்கியது. கை பாதியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்தது.

"சார், குதிகால மொதல்ல வையுங்க" என்றார் சாம்பிள் கால் பெண்மணி, போனைத் தாழப் பிடித்துப் பக்கத்தில் நடந்தபடி. "விரல் நுனியால தேடாதீங்க, தண்ணியில எறங்கற மாதிரி."

அதற்குள் மணி அடித்துவிட்டது. தையல் செக்‌ஷன் பெண்கள் டிபன் பாக்ஸோடு வந்து காம்பவுண்டு வேலியோரம் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. ஒரு குரல் மட்டும் வந்தது:

"சார், சீக்கிரம் நடங்க. டார்கெட் முடியணும்ல."

அது நான் தினமும் அவர்களிடம் சொல்கிற வாக்கியம்.

நான், பாய், கிளார்க் மூவரும் நடந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தால், ஏதோ விபத்து வார்டிலிருந்து கூட்டமாகத் தப்பித்து வந்தவர்கள் என்றுதான் தோன்றியிருக்கும். வலது கால் வைத்தால் எழுந்தோம், இடது கால் வைத்தால் விழுந்தோம். பாய் லுங்கி கட்டாமல் பேண்ட் போட்டு வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். கிளார்க் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டர் பின்னால்தான் கிளம்பினார். விழுந்தாலும் எங்கள் மேலேயே விழட்டும் என்று பாய் வேண்டுமென்றே அவரைக் கடைசியில் நிறுத்தியிருந்தார். கொஞ்ச தூரத்தில் அவர் எங்கள் பக்கத்தில் வந்தார். அப்புறம் எங்களுக்கு முன்னால் போனார்.

கீழ்நோக்கி நின்றுபோன அவருடைய பாதத்துக்கு அந்த பூட்டின் சரிவு சரியாகப் பொருந்தியிருந்தது. காற்றில் நின்ற குதிகாலுக்கு அடியில் இப்போது ஏதோ இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அந்த உடம்பு இறங்கும் என்று எங்கள் கண் பழகியிருந்தது, இறங்கும் இறங்கும் என்று பார்த்தோம். இறங்கவில்லை. தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் போயின.

"அண்ணா, மெதுவா போங்க" என்று அந்தப் பெண்மணி பின்னாலேயே ஓடினார். "வீடியோவ விட்டு வெளிய போறீங்க."

பாய் நின்றுவிட்டார். "அரே" என்றார். நாங்கள் நின்ற இடத்தில், ஆளுக்கொரு காலில், கொக்கு மாதிரி நின்றோம்.

டீக்கடையில் ஆட்டோக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டர் அவர்களை நெருங்கினார். ஒரு ஆட்டோக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா தலைவா, ஒரு காலுக்குத்தான் ஹீல்ஸா? இன்னொண்ணு தவணையில வருதா?"

கடை முழுக்கச் சிரித்தது.

"அத உனக்குன்னு எடுத்து வெச்சிக்கிறேன்" என்றார் கட்டர், நடையை நிறுத்தாமல். "சைஸு சொல்லு, குடுத்தனுப்பறேன்."

இப்போது கடை ஆட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்து, பெஞ்சில் நகர்ந்து, "வா, டீ சாப்புடு" என்று இடம் காட்டினார். கட்டர் உட்காரவில்லை. நின்றபடியே டீ குடித்தார். மேஜையிலோ தூணிலோ சாயாமல், வெறுமனே நின்று. குடித்து முடித்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு வந்தார். அதை நாங்கள் கேட்கவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை.

திரும்பி வந்து பூட்டைக் கழற்றினார். ரப்பர் செருப்பில் கால் வைத்ததும் உடம்பு பழையபடி இறங்கியது.

"சார், இத நானே போட்டுக்கலாமா?"

"இதயா? ஊர்ல போட்டுனு போவியா?"

"ஆமா."

"சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும் சார். அத நான் பாத்துக்கறேன்."

நான் அவருக்கு என்னவோ எச்சரிக்கை செய்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.

வீடியோவுக்குப் பதில் சீக்கிரமே வந்தது. கடைசி வீடியோவில் நடப்பவரின் நடை மிக நன்றாக இருக்கிறது, ஷூ சரியாகப் பொருந்தியிருக்கிறது. மற்ற மூவருக்கும் காலில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருந்தார்கள். பிரின்ட் எடுத்துப் போய் கட்டரிடம் படித்துக் காட்டினேன். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இன்னொரு தபா சொல்லுங்க" என்றார்.

ஜி.எம். அவ்வளவு லேசில் இறங்கவில்லை. பிரஸ் ஓடும் இடத்தில் ஹை ஹீல்ஸ் என்றால் சேஃப்டி ஆடிட்டர் கம்பெனியையே மூடிவிடுவார், டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பேச்சு என்றார். அது நியாயமும்தான். ஆகவே பாயும் நானும் கட்டரோடு அந்த ஒற்றை பூட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் ஷூ செய்கிற பிரிவில் இருந்த டாக்டரம்மா பூட்டை வாங்கிப் பார்த்தார், போட்டு நடக்கச் சொன்னார், முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நாங்க குடுத்தது இன்னா ஆச்சு?"

"கட்டிலுக்கு அடியில இருக்குதும்மா" என்றார் கட்டர்.

"இத போடுவீங்களா? இல்ல, இதுவும் கட்டிலுக்கு அடியிலயா?"

"இத வாசல்லதாம்மா வெப்பேன்."

டாக்டரம்மா சிரிக்காமல் தலையாட்டினார். ஹீலின் அடியை இன்னும் அகலமாக்க வேண்டும், ஜிப்புக்குப் பதிலாகக் கயிறு வைத்துக் கணுக்காலை இறுக்கிக் கட்ட வேண்டும், முன்னங்காலுக்கு அடியிலும் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்று பாயிடம் சொன்னார். வழுக்காத ரப்பர் ஒட்டச் சொன்னார். திருத்தியதைக் கொண்டுவந்து காட்டினால் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். பாய் ஒவ்வொன்றுக்கும் "ஜி, ஜி" என்றபடி, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பூட்டின் அடியில் விரலால் அளந்துகொண்டிருந்தார்.

இடது காலுக்கு வேறு கம்பெனியிலிருந்து தட்டையான கட்டை ஒன்றைக் கடன் வாங்கி, பாய் செய்து முடித்தார். வலது காலுக்கு மூன்று அங்குல ஹீல், இடது காலுக்கு அதே பழுப்புத் தோலில், அதே தையலில், சாதாரண அடி. மேஜைமேல் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, என்னைச் சோதிக்கச் சொன்னார். ஒரு ஜோடியில் இரண்டு ஷூவுக்கும் நடுவே கடுகளவு வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. ஹீல் ஒரு நூல் ஏறி இறங்கினதற்காக ஒரு லாட்டையே நிறுத்திவைத்து, தையல் செக்‌ஷனின் சாபத்தைக் குடும்பத்தோடு வாங்கியிருக்கிறேன். இந்த ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் கை தன்னிச்சையாக ரிஜெக்ட் ஸ்டிக்கரைத் தேடியது. பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது, பரவாயில்லை.

டாக்டரம்மா பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு, அடுத்த திங்கட்கிழமை கட்டர் அதைப் போட்டுக்கொண்டு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தார். நான் கேட்டுக்குப் பக்கத்தில், ஏதோ வேலையாக நிற்பது போல நின்றேன். பேண்ட்டின் அடியை ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தார். மறைப்பதற்கு ஏற்பாடு செய்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன், அவரோ பூட் நன்றாகத் தெரியும்படி மடித்திருந்தார். கூடவே பஸ்ஸிலிருந்து இறங்கிய தையல் செக்‌ஷன் பெண்கள் அவருடைய காலைக் காட்டி எதையோ சொல்லிச் சிரிக்க, அவரும் ஏதோ சொல்ல, கூட்டமாகவே உள்ளே வந்தார்கள்.

"பஸ்ல யாராவது எழுந்து இடம் குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"எவனும் அசையல சார். கண்டக்டர் மட்டும், உள்ள போம்மான்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"சில்லறய குடுறா தங்கம்னேன்."

எல்லாரும் இப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். அவருடைய பெரிய மகள் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். தெருமுனையிலேயே நின்றுவிட்டு வந்துகொண்டிருந்தார். அவள் வயதுக்கு அவள் செய்வது சரிதான், முன்பு நொண்டியபோதும் அதைத்தான் சொன்னாள் என்றார். அதை அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

மாதக் கடைசியில் ஜி.எம். கட்டிங் செக்‌ஷனுக்கு வந்தார். என்னையும் கூடவே வரச் சொன்னார். ஷிஃப்ட் முடியப்போகிற நேரம், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்த அதே வேளையைத்தான் பார்த்து வந்திருந்தார். கட்டர் பிரஸ் முன்னால் நின்றிருந்தார். மேஜை விளிம்பில் சாயவில்லை. ஜி.எம். கொஞ்ச நேரம் பின்னால் நின்று அவருடைய இடுப்பைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், கடைசியில் காலைப் பார்த்தார்.

"இது ஹாஸ்பிடல் ஷூ இல்லையே. என்ன ஷூ இது?"

"ஹை ஹீல்ஸ் சார்" என்றார் கட்டர், பிரஸ்ஸை நிறுத்திவிட்டு.

ஜி.எம். என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"போட்டுக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார். ஆபீஸ்ல குடுத்திருக்கேன்."

"வலி?"

"காலையில கட்டும்போது கொஞ்சம் இருக்கும். அப்புறம் இல்ல."

"நாள் முழுக்க நிக்க முடியுதா?"

"நின்னுட்டுத்தான சார் இருக்கேன்."

ஜி.எம். ஒரு வெட்டிய துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது என் வேலை, அதனால் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. துண்டைத் திரும்ப வைத்தார். போகும்போது என்னிடம், "நூல் கத்தரிக்கிற டேபிளுக்கு வேற ஆள் பாருங்க" என்றார்.

நான் அங்கேயே நின்றேன். இந்த மாதிரிச் சமயத்தில் ஏதாவது சொல்ல வேண்டும், படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கடமை இருக்கிறது. தொண்டையைச் செருமினேன். கட்டர் அடுத்த தோலை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் தடவிக் குறை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்" என்றார் நிமிராமல், "கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."